மரத்தைக் கொன்றவர் பேர்

ஏற்காட்டு கிளப் தோட்டத்தில் நெடுநாளாய் நின்ற சைப்ரஸ் மரம் திடீரென்று காய்ந்து செத்தது. மரத்தடியைச் சுற்றிப் புதிதாகக் கட்டியிருந்த சிமெண்டு மேடைமேல் ஏறி நின்று, கிளப் தலைவர் ராஜமாணிக்கம் பெருக்குகிற வெள்ளச்சியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தண்ணி ஊத்தாமதான் செத்துச்சு."

"தினமும் ஊத்தினேனுங்க. எல்லாம் மேடையில வழிஞ்சு ரோட்டுக்குப் போயிடுச்சு. வேருக்கு ஒரு சொட்டு எறங்கல."

"சாக்குச் சொல்லாதே. மரத்தைக் கொன்னது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள பேரை எழுதிக் கொடு. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

டீ குடித்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளச்சி மேடையின் முகப்பில் கிடந்த சருகைத் துடைப்பத்தால் ஒதுக்கினாள். அடியில் பதித்திருந்த பளிங்குக்கல் பளபளத்தது.

"எனக்கு எழுதத் தெரியாதுங்க. நல்லவேளை, கொன்னவரே தம் பேரைக் கல்லுல வெட்டி வச்சிருக்காரு."

உறுப்பினர்கள் எட்டிப் பார்த்துச் சத்தமாகவே படித்தார்கள்:

"இம்மேடை உபயம்: கிளப் தலைவர் ராஜமாணிக்கம்."