அசையாத பிள்ளை

மலையடிவாரத்துத் தவக்குடிலில் செங்கோடன் என்றொரு மூத்த சீடர் இருந்தார். கண்ணை மூடி உட்கார்ந்தால் இடியே விழுந்தாலும் அசைய மாட்டார். பதினேழு வருடத்துக்கு முன் ஒரு துணிப்பையோடு தனியாக வந்தவர். அவரைத் தேடி அதற்குப் பிறகு ஒருவரும் வந்ததில்லை.

குருவை எல்லோரும் அம்மா என்பார்கள். அம்மா செங்கோடனைவிட வயதில் இளையவர், அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். தியான நேரத்தில் அம்மாவின் பாய் அவருடைய பாய்க்குப் பக்கத்திலேயே விரிந்திருக்கும். மூத்த சீடருக்குக் காட்டும் மரியாதை என்று செங்கோடன் நினைத்துக்கொண்டார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காலையில் குடிலில் வளரும் பிள்ளைகளுக்கு மௌனம் பழக்குவது அவர் வேலை. பன்னிரண்டு பிள்ளைகள். ஒன்று சொறியும், ஒன்று கொட்டாவி விடும், இரண்டு கிள்ளிக்கொள்ளும். சிந்தாமணி மட்டும் சிலை மாதிரி இருப்பாள். எட்டு வயது. வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போன தாய், வேலை முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று மூன்று மாதத்துக்கு முன் விட்டுப்போயிருந்தாள்.

காலைக் கஞ்சியில் பாதியை அவள் அப்படியே வைத்துவிடுவாள். பசியைக்கூட ஜெயித்துவிட்டாள் என்று செங்கோடன் பூரித்துப்போனார். இரண்டொரு முறை வயிறு வலிக்கிறது என்றாள். ஓமத் தண்ணீரைக் கொடுத்து, "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று உட்காரவைத்துவிட்டார்.

"அம்மா, குருபூஜை அன்னைக்கு இவளைச் சனங்களுக்கு முன்னால உக்கார வைக்கலாமுங்களா? இப்படி ஒரு பிள்ளை இதுவரைக்கும் எனக்குக் கிடைச்சதில்லைங்க."

"பார்க்கலாமுங்கண்ணா."

மறுநாள் அம்மா பார்க்க வந்தார். செங்கோடன் பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்துக் கல்தரையில் போட்டார். பிள்ளைகள் துள்ளி எழுந்தார்கள். மூலையில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. சிந்தாமணி இமைகூட அசைக்கவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார் செங்கோடன்.

"நாய்கூடத் திரும்பிப் பார்த்துச்சுங்கண்ணா" என்றார் அம்மா.

அவர் போய்ச் சிந்தாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாவாடைக்கு அடியில் அந்தக் குழந்தையின் கால்விரல்கள் இறுக மடங்கியிருந்தன.

"எங்க வலிக்குது கண்ணு?"

அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"எப்ப வலிக்கும்?"

"உக்கார மணி அடிச்சா."

"அசைஞ்சா என்ன ஆகும்?"

"வெளிய அனுப்பிருவாங்க. அப்புறம் எங்கம்மா வந்து என்னை எங்க தேடும்?"

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. "அப்படி யாரு சொன்னா? அதெல்லாம்..." என்று ஆரம்பித்தார். அம்மா கையமர்த்தினார்.

"அப்படி நினைச்சா எனக்கும் வயிறு வலிக்குமுங்க கண்ணு. வா, உங்கம்மா வர்ற வழியைப் பார்த்துட்டு வரலாம்."

அன்றிலிருந்து தினமும் கஞ்சிக்குப் பிறகு இருவரும் வாசல்வரை நடந்தார்கள். வாசலில் காவலிருப்பவரிடம் சிந்தாமணி தன் பெயரையும் தாயின் பெயரையும் சொல்லிவைத்தாள். முதல் வாரம் அம்மாவின் சேலைத் தலைப்பை விடவேயில்லை. அடுத்த வாரம் அம்மா வேப்பமரத்தடியில் நின்றுகொள்ள, அவள் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வயிற்றுவலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. வந்தால் இப்போது வந்து சொன்னாள்.

குருபூஜை அன்று சிந்தாமணி நாலாவது வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். முழங்காலைச் சொறிந்தாள். யாருடைய சொம்போ கைதவறி உருண்டபோது முதலில் திரும்பியது அவள்தான். களுக்கென்று சிரித்தும்விட்டாள். யாரும் அவளை வெளியே அனுப்பவில்லை.

அவள் தாய் இன்னும் வந்தபாடில்லை. சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் செங்கோடன் தன் பாயில், அம்மாவுக்குப் பக்கத்தில், வந்து உட்கார்ந்தார். அன்று ஏனோ அவருக்குக் கண்ணை மூட மனம் வரவில்லை.

"மூணு மாசமா நான் அதைத் தவம்னு நினைச்சேன். பயம்னு உங்களுக்கு மட்டும் எப்படிங்கம்மா தெரிஞ்சுது?"

"பதினேழு வருசமா உங்களைப் பார்த்துட்டுத்தானுங்கண்ணா இருக்கேன்."

செங்கோடன் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தார்.

"அப்ப என் பக்கத்துல ஏனுங்கம்மா யாரும் வந்து உக்காரல?"

அம்மா தன் பாயின் ஓரத்தைத் தடவிக் கொடுத்தார்.

"உக்காந்துதான் இருக்கேன். நீங்கதான் கண்ணைத் திறக்கலீங்க."