வண்டு தும்மிய மரம்

நாட்காட்டி வருவதற்கு ரொம்ப ரொம்ப முன்னால், கொற்றவேலன் என்று ஒரு ராஜா இருந்தான். சரியான அழகுப் பைத்தியம். தன் தோட்டத்தில் நின்ற ஆவி என்னும் நிழல்மரம் ஒன்றில் மயங்கி, அதன் கொம்பையே ஒடித்து ஒடித்து நாடு முழுக்க நட்டான். எந்தத் தெருவுக்குப் போனாலும் அதே மரம்தான். தோட்டத்துக்குள் மட்டும் யாரும் நுழையக் கூடாது.

ஒருநாள் வெயிலில் வந்த மந்திரவாதி, சற்று நேரம் உள்ளே நிழலில் உட்காரலாமா என்று கேட்டான். தோட்டக்காரன் மாசாணன் ராஜா உத்தரவுப்படி கதவைச் சாத்தினான். வந்ததே கோபம்! மாசாணனை அங்கேயே ஆவி மரமாக்கி, மரம் குடையும் மாய வண்டையும் ஏவிவிட்டான் மந்திரவாதி. வண்டு தீண்டாத ஆவி மரத்தின் நிழலில் ஊரே வந்து உட்காரும் நாளில்தான் மாசாணன் எழுவான் என்று சொல்லிவிட்டு மறைந்தான்.

எல்லாம் ஒரே மரத்தின் பிள்ளைகள் அல்லவா? ஒன்றைக் குடையத் தெரிந்த வண்டுக்கு மற்றதெல்லாம் அல்வா. தெருத்தெருவாக மரங்கள் பட்டுப்போயின. அடுத்தது தோட்டம்தான் என்று மாசாணனின் மனைவி சிலம்பாயிக்குப் புரிந்துவிட்டது.

வண்டின் பின்னாலேயே ஓடினாள். மலைமேல் கோணல்மாணலாக ஓர் ஆவி மரம் நின்றது. வண்டு வந்தது, மோந்தது, தும்மியது, திரும்பிப் போனது. சிலம்பாயி அந்த மரத்தின் மகரந்தத்தை முந்தானையில் முடிந்துவந்து, கணவன் கிளையில் பூத்திருந்த பூக்களில் தடவினாள். முதல் பூ உதிர்ந்தது. இரண்டாம் பூவை அணில் தின்றது. மூன்றாம் பூ விதை பிடித்தது. மந்திரம் ஏறிய விதை, தோட்டத்தில் நட்ட அன்று மாலைக்குள்ளேயே பெரிய மரமாகிவிட்டது. தோட்டத்து அழகு, மலையின் திடம். வண்டு வந்தது, மோந்தது, தும்மியது.

ராஜா என்ன செய்தான் தெரியுமா? புது மரத்தைச் சுற்றி மதில் கட்டச் சொன்னான். வண்டோ மாசாணனின் முதுகைக் குடையத் தொடங்கிவிட்டது.

சிலம்பாயி ராஜாவின் முன்னால் போய் நின்றாள்.

“மகாராசா, ஒத்தை மரத்தை நம்பி நாட்டையே மொட்டையாக்கினீங்க. இப்பவும் ஒத்தை மரத்தைத்தான் பூட்டி வைக்கிறீங்க. கதவைத் திறங்க, என் புருசன் சாகுறான்.”

ராஜா மரங்கள் பட்டுப்போன தெருவைப் பார்த்தான். வெட்கமாகிவிட்டது. தானே போய்த் தோட்டக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினான்.

முதலில் நுழைந்தது ஓர் ஆடு. அதைத் துரத்திக்கொண்டு ஆட்டுக்காரி, அப்புறம் வளையல்காரர், பானை செய்கிறவர், பிள்ளைகள், ஊரே. தங்கள் ஊர்க் காட்டு மரக்கன்றுகளையும் கொண்டுவந்து இங்கே நடும்படி ராஜா எல்லாரையும் கேட்டுக்கொண்டு, தானும் அவர்களோடு நிழலில் உட்கார்ந்தான்.

படாரென்று மரப்பட்டை வெடித்தது. மாசாணன் எழுந்து வந்தான். வண்டு தும்மிக்கொண்டே நாட்டை விட்டு ஓடியது. அழுதபடி கட்டிக்கொண்ட மனைவியிடம் மாசாணன் முதலில் சொன்னது இதுதான்:

“முதுகைக் கொஞ்சம் சொறிஞ்சு விடு புள்ள.”

ஊரே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே சொறிந்துவிட்டாள். அவர்கள் அங்கே சுகம், கதை கேட்ட நாம் இங்கே சுகம்.