வெந்நீர்க் குழாய்

வண்டி ஏசியின் ஃபில்டரை மடியில் போட்டுக்கொண்டு, தேய்ந்த பல் பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள் பூங்கொடி. பின்னால், இரும்பு விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கியது.

மேட்டுப்பாளையத்தில், ரோடு மலையேறத் தொடங்குகிற இடத்தில் அவளுடைய பட்டறை. மேலே போகிறவர்கள் ஹீட்டர் சூடாகவில்லை என்று வருவார்கள். இறங்கி வருகிறவர்கள் ஏசி குளிரவில்லை என்று வருவார்கள்.

டாக்ஸி ஓட்டி அலுத்துப்போய் அவளிடம் தொழில் பழக வந்தவர் சென்னியப்பன். அவளைவிட நல்ல மூத்தவர். எதிர்த்த டீக்கடைக்காரருக்கு அதுதான் தினசரிப் பொழுதுபோக்கு.

"என்னப்பா, குரு தொட்டில் ஆட்டறாங்க, சிஷ்யன் ஸ்பானர் துடைக்கறியா?"

"எங்க குருவுக்கு ரெண்டு கையிலயும் வேலை. உனக்கு வாயில மட்டுந்தான்!"

சென்னியப்பன் யாருக்கும் பதில் பாக்கி வைக்கிறவரல்ல. ஆனால் இன்று பதில் சொல்லிவிட்டு முகம் வாடி உட்கார்ந்தார். ஆணியில் அவருடைய மஞ்சள் பை தொங்கியது.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ணா." பூங்கொடி தலை நிமிரவில்லை. யாரிடமும் நிமிர்ந்து பேச அவளுக்குக் கூச்சம்.

"வசந்தாமணி கோவிச்சுட்டுக் காரமடையில அவங்கண்ணன் வூட்டுக்குப் போனவ, வரவே மாட்டேங்கறா. வளையல் வாங்கிக் குடுத்தேன். அல்வா குடுத்தேன். இன்னிக்குச் சேலையும் எடுத்துட்டேன். இன்னும் என்னதான் குடுக்கறது? சாயங்காலம் திருப்பூர் பஸ் ஏறப்போறாளாம். பனியன் கம்பெனியில சேர்ந்து அங்கயே தங்கிட்டா, அப்புறம் எம் பொண்டாட்டி எனக்கில்லீங்க."

கோத்தகிரியிலிருந்து இறங்கிய பழைய வேன் ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. டிரைவர் கழுத்தைத் துடைத்தபடி குதித்தார்.

"ஏசி போட்டா அனலா அடிக்குதுங்க. வெந்து போயிட்டோம்."

"நீங்களே பாருங்ணா" என்றாள் பூங்கொடி.

சென்னியப்பனுக்கு வாடின முகம் தெளிந்தது. கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"கேஸ் கம்மியா இருக்கும். ஏத்துனா சரியாயிரும்."

"மேல ஒருத்தர் நேத்துத்தான் ஏத்துனாருங்க."

"அப்ப பத்தலை. இன்னுங் கொஞ்சம் ஏத்துவோம்."

பூங்கொடி ஃபில்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இஞ்சினும் ஏசியும் ஓடிக்கொண்டே இருக்க, வண்டியின் முன்மூடியைத் தூக்கினாள்.

"இந்த ஏசி பைப்பைத் தொடுங்ணா."

தொட்டார். வியர்த்துப்போய், மண்பானை மாதிரி சில்லென்றிருந்தது.

"கேஸ் இல்லாட்டி இப்படி இருக்குமுங்களா?"

"இருக்காது... அப்ப உள்ள ஏன் அனலு?"

"பக்கத்துல இருக்கற ரப்பர் குழாயைத் தொடுங்க. மெதுவா."

தொட்ட வேகத்தில் கையை உதறி ஊதிக்கொண்டார். இஞ்சின் வெந்நீர் ஹீட்டருக்குப் போகிற குழாய் அது.

"ஹீட்டர் நிறுத்தித்தாங்க இருக்குது!" என்றார் டிரைவர்.

"திருகு நின்னுருச்சு. தண்ணி நிக்கலை" என்றாள் பூங்கொடி. மலைக் குளிருக்குத் திறந்த வால்வு, கேபிள் கழன்றதில் திறந்தபடியே கிடந்தது. வெந்நீரின் சூடும் ஏசியின் குளிரும் ஒரே துவாரத்தில் வந்துகொண்டிருந்தன.

அவள் துணி சுற்றிய இடுக்கியால் அந்தக் குழாயை நெரித்துப் பிடித்தாள்.

"உள்ள போயிக் கையை வெச்சுப் பாருங்ணா."

வைத்தார். அனல் தணிந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் நுனி குளிர்ந்தது.

"நான் கேஸே ஏத்தலையே அம்மணி!"

"ஆமாங்ணா."

கேபிளை மாட்டி, வால்வு முழுக்க மூடுகிறதா என்று சென்னியப்பனே திருகித் திருகிப் பார்த்தார். வேன் போனது. பூங்கொடி மறுபடி ஃபில்டரை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"போன வாரம் அல்வா கொண்டு போனீங்களேங்ணா. குடுக்கறப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்... 'தின்னு, உங்கண்ணன் பொண்டாட்டி இதெல்லாமா கண்ணுல காட்டப்போறா'ன்னு..."

"வளையலுக்கு?"

"'இதையாவது ஒடைக்காம வெச்சுக்க'ன்னு..."

சுட்ட விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னப்பா, குரு திட்டிப்போட்டாங்களா?" டீக்கடையிலிருந்து சத்தம் வந்தது.

சென்னியப்பன் பதில் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் கிளாஸைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

கையைக் கழுவி, மஞ்சள் பையை ஆணியிலிருந்து எடுத்தவர், ஒரு கணம் யோசித்துத் திரும்ப மாட்டினார்.

"நான் காரமடை வரைக்கும் போயிட்டு வந்தர்றேன் அம்மணி."

"சேலைங்ணா?"

"அவளே இங்க வந்து எடுத்துக்கட்டும்." படியிறங்கினவர் நின்றார். "ஆனா, போயி என்னன்னு பேசறதுங்க?"

பூங்கொடி முதல்முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்க வெளிய வந்து நாலு வார்த்தை கேப்பாங்கல்லங்ணா, அப்ப நீங்க மொதல்ல அந்த..."

தொட்டிலிலிருந்து "ம்மா!" என்று குழந்தை வீறிட, பூங்கொடி ஓடினாள். "புரிஞ்சுதுங்க அம்மணி, மொதல்ல இந்த வெந்நீர்க் குழாயை மூடிக்கறேன்" என்று சுட்ட விரலை வாய்மேல் வைத்துக் காட்டிவிட்டு, சென்னியப்பன் பஸ்ஸுக்கு நடந்தார்.