சுவரைப் பேச வைக்கும் கருவி

சாரல் பிடித்துவிட்டால் பூரணத்தம்மாவின் மடத்தில் கதைப் போட்டி நடக்கும்.

மடம் குற்றாலத்துக்குத் தெற்கே, மலையடியில் இருந்தது. சீடர்கள் பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்ந்து வந்தவர்கள். பூரணத்தம்மா அவர்கள் எல்லோருக்கும் இளையவர். ஆனாலும் அவர்கள் அவரை அம்மா என்றார்கள். அவர் அவர்களை அண்ணாச்சி என்றும் அக்கா என்றும் கூப்பிட்டார்.

"வருஷம் பூரா நடந்து முடிஞ்சதையே பேசுதீங்க. ஒரு நாளாவது நடக்காததைப் பேசுங்க" என்று சொல்லி அவர்தான் இதைத் தொடங்கிவைத்தார்.

கதை விஞ்ஞானக் கதையாக இருக்க வேண்டும். இனி வரப்போகும் காலத்தில் நடக்க வேண்டும். ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். இடையில் மூச்சு வாங்கினால் கதை அத்தோடு சரி. சொன்னவர் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அடுத்தவர் எழுந்துவிடுவார்.

ஜெயித்தவருக்குப் பாயச உருளி பரிசு. அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தின்னலாம். பிறகு அதைத் தேய்த்துக் கழுவி வைக்க வேண்டும். அதனால் யாரும் வெறிபிடித்துப் போட்டி போடுவதில்லை.

பேச்சிமுத்து மட்டும் அப்படி இல்லை.

அந்த வருஷம் போட்டியன்று காலையில், பூரணத்தம்மா வெல்லம் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"களவு போன கதையைத் திரும்ப வாங்க வழி இருக்கா?"

பூரணத்தம்மா கல்லைக் கீழே வைத்தார். பேச்சிமுத்து எந்தக் கதையைச் சொல்கிறார் என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பேச்சிமுத்து தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். ஆவுடையப்பன் அதே பஸ்ஸில் கண்டக்டர். தென்காசியிலிருந்து பாபநாசம் வரைக்கும் உள்ள ஊர்ப் பெயர்களை எல்லாம் ஒரே மூச்சில் கூவுகிற ஆள். இருவரும் ஒன்றாகவே மடத்துக்கு வந்தார்கள். அடுத்தடுத்த அறை கேட்டு வாங்கினார்கள். நடுவில் ஒரே சுவர்.

சில வருஷங்களுக்கு முன்னால், பேச்சிமுத்து தான் யோசித்து வைத்திருந்த கதையை ஆவுடையப்பனிடம் மட்டும் சொல்லிக் காட்டினார். மறுநாள் போட்டியில் ஆவுடையப்பன் முதலில் எழுந்து அதையே சொன்னார். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். உருளி அவருக்குப் போனது. பேச்சிமுத்து எழுந்து வெளியே நடந்தார். அன்றோடு பேச்சு நின்றது.

ஒருவன் மனதில் வைத்திருந்ததை எடுத்துக்கொள்வது சின்னக் காரியம் இல்லை.

"கதை இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் பூரணத்தம்மா.

"அவன்கிட்ட."

"உங்ககிட்ட இல்லையா?"

"இருக்கு."

"பிறகு எது களவு போச்சு?"

"பேரு போச்சும்மா. அது அவன் கதைன்னுதானே எல்லாரும் சொல்லுதாங்க?"

"சரி. எனக்கு ஒரு தடவை சொல்லுங்க. விதிப்படி."

பேச்சிமுத்து மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"இனி வரப்போற காலத்துல சுவரைப் பேச வைக்கிற கருவி ஒண்ணு வந்துது, எந்தச் சுவர்ல வச்சாலும் அது கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும், பொஞ்சாதி செத்துப்போன ஒருத்தன் அதை வாங்கி அடுப்படிச் சுவர்ல வச்சான், சாப்பிட வாங்கன்னு கேட்டுது, மழை வருது துணியை எடுங்கன்னு கேட்டுது, தலை வலிக்குதுங்கன்னு..."

இழுப்பு வந்துவிட்டது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பூரணத்தம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"எப்பவும் இதே இடத்துலதாம்மா நிக்கிது" என்றார் பேச்சிமுத்து. "இன்னைக்கு அவன் சொல்லக் கூடாது. சொன்னான்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

"நாளைக்கு ஆவுடையப்பன் அண்ணாச்சி மகள் வந்து அவரைக் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போறா. நெஞ்சுல சளி. இனிமே அவருக்கு இந்த ஈரம் ஆகாதாம். திரும்பி வரமாட்டாரு."

பேச்சிமுத்து வெல்லத்தைப் பார்த்தார்.

"போகட்டும்" என்றார்.

"இன்னைக்கு ஒரு நாள் எந்திரிக்காம இருங்க."

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். வெளியே சாரல் அடித்தது. உருளி நடுவில் இருந்தது.

முதலில் சமையல் பார்க்கும் முப்பிடாதியக்கா எழுந்தார். "தோசை சுடுகிற இயந்திர மனுசி ஒருத்தி வந்தா, முதல் தோசை பிஞ்சு போச்சு, எனக்குள்ளே ஏதோ கெட்டுப்போச்சுன்னு சொல்லி அவ கடைக்கே திரும்பிப் போயிட்டா" என்றார்.

"அவளைக் கூட்டிட்டு வாங்கக்கா, உங்க தோசையைக் காட்டுவோம்" என்றார் ஒருவர். கூடம் சிரித்தது.

அடுத்து ரயில்வேயில் இருந்த செல்லச்சாமி எழுந்தார். "செவ்வாய்க் கிரகத்துப் பள்ளிக்கூடத்துல மழைன்னா என்னன்னு பிள்ளைங்க கேட்டுது, டீச்சர் தகரக் கூரை மேல ஒரு கை அரிசியை அள்ளி எறிஞ்சா, பிள்ளைங்க எல்லாம் தலையைத் துடைச்சுக்கிட்டு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஆவுடையப்பன் எழுந்தார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

பேச்சிமுத்துவின் கால் வாசல் பக்கம் திரும்பியது. பூரணத்தம்மா அவரைப் பார்த்தார். அவர் எழுந்திருக்கவில்லை.

"இனி வரப்போற காலத்துல" என்று தொடங்கினார் ஆவுடையப்பன், "சுவரைப் பேச வைக்கிற கருவியைக் கண்டுபிடிச்சது டிரைவர் பேச்சிமுத்துன்னு உலகத்துக்கே தெரியும், அவருக்கு மூச்சு பத்தாம அந்தக் கதை வெளியே வராமலே போயிருமோன்னு பயந்து முந்திக்கிட்டுச் சொன்ன கண்டக்டர் ஒருத்தன், கதைக்கே மூச்சு சரியாப் போயி, பேரைச் சொல்ல மிச்சமில்லாம..."

இருமல் வந்தது. விதிப்படி அவர் அத்தோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்தது பேச்சிமுத்துவின் முறை.

அவர் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. "எனக்குக் கதை இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

"உருளி யாருக்கும்மா?" என்று கேட்டார் முப்பிடாதியக்கா.

"இன்னும் ஒரு கதை முடியலை" என்றார் பூரணத்தம்மா.

கொஞ்ச நேரம் கழித்து அவர் உருளியைத் தூக்கிக்கொண்டு பேச்சிமுத்துவின் அறைக்கு வந்தார். அதைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சிமுத்து கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இப்ப வந்து சொன்னா ஆச்சாம்மா? அத்தனை பேர் முன்னாலயும் சொல்லுதவன், மறுநாளே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"வரலையா?"

"வந்தான். நான் கதவைத் திறக்கலை."

"அதுக்குப் பிறகு?"

"கூப்பிடுவான். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சுக்குக் காப்பி போட்டுட்டு, பேச்சி, காப்பி ஆறுது வே, அப்படின்னு கூப்பிடுவான். என் இழுப்புக்கு அது நல்லதாம்."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? பேசாம இருப்பேன். கொஞ்ச நேரம் நிப்பான். அப்புறம் அவனே குடிச்சிருவான்."

"ஒரு நாளும் விட்டதில்லையா?"

"ஆஸ்பத்திரியில கிடந்தப்பதான் விட்டான்."

பூரணத்தம்மா உருளியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, காலையில உங்க கதை தலை வலிக்குதுங்கங்கிற இடத்துல நின்னு போச்சு. அதுக்கு மேல என்ன?"

பேச்சிமுத்து தயங்கினார். இப்போது போட்டி இல்லை. மூச்சு வாங்கி வாங்கியே சொன்னார்.

"அவ கூப்பிட்டது எல்லாம் அந்தச் சுவர்ல இருந்துது. அவனும் விடிய விடிய உக்காந்து கேட்டான். அவன் பதில் சொன்னது... ஒண்ணுகூட அதுல இல்ல."

வெளியே சாரல் கொஞ்சம் வலுத்தது.

"அந்தக் கருவி நாளைக்கே வந்துட்டா" என்று கேட்டார் பூரணத்தம்மா, "நம்ம மடத்துல எந்தச் சுவர்ல முதல்ல வச்சுப் பார்க்கலாம்?"



சுவருக்கு அந்தப் பக்கம் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இருமல். இருமல் அடங்குவதற்கு நேரமாயிற்று.

"பேச்சி" என்று குரல் வந்தது. "காப்பி ஆறுது வே."

பேச்சிமுத்து பூரணத்தம்மாவைப் பார்த்தார். அவர் உருளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஆவுடையப்பன் எப்போதும் போல நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

பேச்சிமுத்து கையைச் சுவரில் வைத்தார். மூச்சை இழுத்தார்.

"ஆறட்டும் வே" என்றார். "வாரேன்."

அந்தப் பக்கம் இன்னொரு டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது.

பூரணத்தம்மா எழுந்து, உருளியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க, அண்ணாச்சி. ரெண்டு பேரு சுரண்டுற அளவுக்கு ஒட்டியிருக்கு."