மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள்

"அம்மா, அந்தச் சுவர் என்னை மதிக்க மாட்டேங்கு."

ஆவுடையப்பன் உட்காரவில்லை. வாசலில் செருப்பை உதறிய வேகத்திலேயே வந்து நின்றார்.

இசக்கியம்மாள் தினமும் விடிந்ததும் தன் வீட்டு முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். மனசு சரியில்லாதவர்கள் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். எட்டு மணியானால் பாயைச் சுருட்டிவிட்டு, வீடுகளுக்குள் தடுப்புச் சுவராக ஜிப்சம் பலகை அடிக்கிற வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

அவருக்கு வயது முப்பத்தாறு. ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் ஆவுடையப்பன் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"எந்தச் சுவர் அண்ணாச்சி?"

"எனக்கும் என் தம்பிக்கும் நடுவுல நிக்குதே, அது."

தம்பி பெயர் குத்தாலம். அப்பா இறந்தபோது ஆவுடையப்பன் மஸ்கட்டில் இருந்தார். தம்பி தகவல் சொன்னது, எல்லாம் முடிந்த மறுநாள். ஒரு மாசம் கழித்து ஊர் வந்தவர், பையைக் கீழே வைக்குமுன் பாகம் கேட்டார். அப்பாவின் கூடத்தை நட்டநடுவே மறித்துத் தகரச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்தார்கள்.

அதன்பிறகு நான்கு வருஷம். அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"போன மாசம் அவன் பீரோவ நகத்துதேன்னு இடிச்சு, ரெண்டு பலகையும் ஓட்டை. வந்து ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லல. சரி, தொலையட்டும்னு நானே பூசுனேன். மூணு தடவை. மூணு தடவையும் உதிர்ந்துட்டு."

"எப்படிப் பூசுனீங்க?"

"முறையாத்தான். சுவரை நல்லா நனைச்சு, உள்ள பேப்பரைத் திணிச்சு, சிமெண்டு வச்சு, தண்ணி விட்டேன்."

"தண்ணியா? ஜிப்சம் பலகைக்கா?"

"பின்ன? பூச்சுன்னா தண்ணி விடாம இறுகுமா? காலையில ஒரு வாளி, சாயந்திரம் ஒரு வாளி. ஒரு நாள் தப்பல."

இசக்கியம்மாள் அன்று எட்டு மணி வரை காத்திருக்கவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினார். கருவிப் பையைத் தோளில் மாட்டினார்.

ஆவுடையப்பன் வீட்டில் ஓட்டை கைமுட்டி அளவுதான் இருந்தது. அதைச் சுற்றிப் பலகை, டீயில் நனைந்த ரஸ்க்கைப் போல ஊதிக் கிடந்தது.

இசக்கியம்மாள் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, என்ன இது? அடைக்கதுக்குத்தான வந்தீங்க?"

ரம்பம் நிற்கவில்லை. முட்டியளவு இருந்தது தலையளவு ஆயிற்று. தலையளவு இருந்தது தலையணை அளவு ஆயிற்று.

ஆவுடையப்பனுக்குக் கொதித்தது.

"ஒரு வருஷமா உங்க முன்னால வந்து உக்காருதேன். மனசு ஆற மாட்டேங்குன்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு ஒரு ஓட்டைய அடைக்கணும்னு சொன்னா, அதையும் பெருசாக்குதீங்க. இதுக்கா நான் வந்தேன்?"

"ஊறுன இடத்துல ஒண்ணும் பிடிக்காது அண்ணாச்சி. காஞ்ச இடம் வரைக்கும் போகணும்."

அவர் கையை உள்ளே விட்டு, அந்தப் பக்கத்துப் பலகையையும் அறுத்தார்.

"அது அவன் சுவரு."

"ஊறுனது உங்க தண்ணியில."

ஆவுடையப்பன் காலடியில் கிடந்த வாளியைப் பார்த்தார். அதை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

அறுத்த துண்டு அந்தப் பக்கம் விழுந்தது. சன்னல் வைத்தாற்போல் தம்பி வீடு தெரிந்தது. வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகக் குத்தாலம் நின்றுகொண்டிருந்தார். தலை பாதி வெளுத்திருந்தது.

இசக்கியம்மாள் புதுப் பலகையில் இரண்டு துண்டு வெட்டினார். ஒன்றை ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நீட்டிச் சாய்த்து வைத்தார். பூச்சு மாவைக் குழைத்தார்.

"நான் இங்கேருந்து உள்ள தகரச் சட்டம் வச்சு முடுக்கையில, அங்கேருந்து யாராவது பலகைய அழுத்திப் பிடிக்கணும். இல்லைன்னா நிக்காது."

"கூலிக்கு ஒரு ஆளைப் போட்டுக்கிடுவோம்."

"அவர் வீட்டுக்குள்ள நீங்க யாரை அனுப்புவீங்க?"

"அப்ப நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க."

"என் சுவர் இல்லையே அண்ணாச்சி."

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"ஏல. அந்தப் பலகையப் பிடி."

குத்தாலம் போய் வாய் கொப்பளித்துவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தார்.

"நான் எதுக்குப் பிடிக்கணும்?"

"நீதான இடிச்ச?"

"நான் இடிச்சது முட்டி அளவு. சன்னல் வச்சது யாரு? ஒரு மாசமா உன் தண்ணி என் வீட்ல ஓடுது. எம் பொஞ்சாதி வழுக்கி விழுந்து கைல கட்டுப் போட்டுருக்கா."

"விழுந்தாளா? எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"யாருட்ட சொல்ல? சுவத்துக்கிட்டயா?"

"சொல்லாம இருக்கது உனக்குப் புதுசால? அப்பா சாகக் கெடந்ததையே சொல்லாதவன்தான நீ."

குத்தாலம் குனிந்து எடுத்த பலகை பாதியில் நின்றது.

"அவருதான் சொல்லாதேன்னாரு."

"யாரு?"

"அப்பாதான். படுத்த மூணு நாளும் நினைவோடதான் இருந்தாரு. உன் பாஸ்போர்ட்டக் கம்பெனிக்காரன் பிடிச்சு வச்சிருந்தாம்லா. வரவும் முடியாம, இருக்கவும் முடியாம பய துடிச்சுப் போவான், எல்லாம் முடிஞ்சு சொல்லுன்னாரு. என் தலைல கை வச்சுச் சத்தியம் வாங்குனாரு."

"இதை எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு நாலு வருசமாச்சா?"

"நீ கேட்டியா? வந்த, பாகம் கேட்ட. வேற என்ன கேட்ட?"

ஆவுடையப்பன் பலகையின் அறுத்த விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குரல் உயர்ந்தது.

"என்னால வர முடியாதுல. சரி. போன்லயாவது அழுதிருப்பேன்லா. அதக்கூட எனக்கு விட்டு வைக்கலியேல."

"எனக்கு மட்டும் யாரு இருந்தா? மூணு நாளு, நான் ஒத்தைல. என்ன ஏதுன்னு நீயாவது கேப்பன்னு பாத்தேன்."

ஆவுடையப்பன் ஓட்டைக்கு இன்னும் நெருங்கி நின்றார்.

"சொல்லு," என்றார் ஆவுடையப்பன். கோபம் இன்னும் இறங்கவில்லை. "முதல் நாள்லேருந்து சொல்லு."

குத்தாலம் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை காலைல இட்லி கேட்டாரு. ஒண்ணுதான் தின்னாரு…"

இசக்கியம்மாளின் கையில் மாவு இறுகத் தொடங்கியது. கரண்டியால் ஒரு தடவை கிளறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அடைச்சிரட்டுமா?"

ஆவுடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை முழுசாக அந்த ஓட்டைக்குள் விட்டிருந்தார்.

"சும்மா இரும்மா. அவன் இன்னும் சொல்லி முடிக்கல."