ஜெபத்துல நினைச்சுக்கிடுதேன்

செம்மணல் தேரிக்காட்டு ஓரமா ஒரு ஊர்ல ஒரு வேதமுத்து இருந்தாரு. ம் கொட்டணும், சரியா? நீ கொட்டலைன்னா நான் தூங்கிருவேன்.

வேதமுத்துக்குக் கணீர்னு குரல். அவர் ஜெபத்துல ஆதாம் வருவாரு, ஆபிரகாம் வருவாரு, அவரோட மாமியார் வீட்டு எருமை கூட வரும். ஆமென் மட்டும் வராது. கண்ணை மூடினவங்கள்ல பாதிப் பேரு கொர்ர்னு குறட்டை விடுவாங்க. ஆனா இயேசுவுக்கு நல்ல சீஷனா இருக்கணும்னு மனுஷனுக்கு நெசமாவே ஆசை. அதை நான் கேலி பண்ணமாட்டேன்.

அவர்கிட்ட ஒரு பழக்கம். யார் உதவின்னு கேட்டாலும், "ஜெபத்துல நினைச்சுக்கிடுதேன்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு நடையைக் கட்டிருவாரு.

அந்த ஊர்க் கோயில்ல வருஷா வருஷம் அசனம் நடக்கும். ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடுற விருந்து. அந்தத் தடவை சாப்பாட்டு ஜெபம் வேதமுத்துதான்னு சொல்லிட்டாங்க. கேக்கணுமா? கஞ்சி போட்ட வேட்டியை மொடமொடன்னு கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

அப்போ வழியில செல்லக்கனி சுள்ளிக்கட்டோட நின்னா. "அண்ணாச்சி, தலையில தூக்கி விடுங்களேன்."

"ஜெபத்துல நினைச்சுக்கிடுதேன் தாயி." விறுவிறு.

அப்புறம் தேவசகாயம் மாட்டுவண்டி. வண்டி நிறைய அசனத்துக்கு வாழையிலை. சக்கரம் மணல்ல சரக்குன்னு இறங்கிப்போச்சு. "ஒரு கை தள்ளும்வே."

"ஜெபத்துல நினைச்சுக்கிடுதேன்." விறுவிறு.

என்ன, சத்தத்தைக் காணோம்? ம், அப்படிக் கொட்டு.

அப்புறம் ரெபேக்காள் வீடு. நடக்க முடியாத கிழவி. நல்ல சேலை கட்டி வாசல்லயே உக்காந்திருந்தா. "ஏ வேதமுத்து, என்னை அசனத்துக்குத் தூக்கிட்டுப் போறியாய்யா? வீட்டுக்குச் சோறு குடுத்தனுப்பிருதாங்க. சோறு கெடக்கட்டும். நாலு பேரோட உக்காந்து சாப்பிடணும். அடுத்த வருஷம் இருப்பேனோ என்னமோ."

அவரு குனிஞ்சு கையை நீட்டப் போனாரு. ஆனா வேட்டி கசங்குமே. "ஜெபத்துல நினைச்சுக்கிடுதேன் பெரியம்மா"ன்னு மெதுவாச் சொல்லிட்டு நடந்தாரு.

கோயில்ல சோறு மலையாக் குவிஞ்சு ஆவி பறக்குது. இலையைத்தான் காணோம். ஊருக்குப் பசி வயித்தைக் கிள்ளுது. கோயிலைப் பாத்துக்கிடுற உபதேசியாரு, "இலை வர்றதுக்குள்ள நீரு ஜெபத்தை ஆரம்பியும்"னாரு.

வேதமுத்து கண்ணை மூடினாரு. சொன்ன சொல்லு தப்பலாமா? "ஆண்டவரே, செல்லக்கனிக்குக் கட்டைத் தூக்கிவிட ஒரு ஆளை அனுப்பும். தேவசகாயம் வண்டியைத் தள்ள ஒரு ஆளை அனுப்பும். ரெபேக்காளைத் தூக்கிட்டு வர ஒரு ஆளை..."

அவ்வளவுதான், வாய் அப்படியே நின்னுபோச்சு. ஆண்டவர் அனுப்பின ஆளு அவங்க மூணு பேர் முன்னாடியும் போய் நின்னுட்டுத்தானே வந்திருக்கான், கஞ்சி வேட்டியோட. வெக்கம் அவரைப் பிடுங்கித் தின்னுது.

"ஆமென்"னாரு. குறட்டை விட்டவன் திடுக்குனு முழிச்சுட்டான்.

"எங்கவே ஓடுதீரு?"ன்னாரு உபதேசியாரு.

"ஆளு கேட்டேன். ஆளு நான்தானாம்."

வேட்டியை மடிச்சுக் கட்டினாரு பாரு, ஒரே ஓட்டம். சுள்ளிக்கட்டு செல்லக்கனி தலைக்கு ஏறிச்சு. ஏலேலோ ஐலசான்னு தள்ளினதுல வண்டி கடகடன்னு கிளம்பிச்சு. வண்டியில இலை முட்டிக்கிட்டு நின்னதால, ரெபேக்காள் வேதமுத்து முதுகுல ஏறிக்கிட்டா. "மெதுவாப் போய்யா, நான் என்ன புளிமூட்டையா?"ன்னு வழியெல்லாம் அதட்டல் வேற.

கோயிலுக்கு வந்ததும் உபதேசியாரு, "மிச்ச ஜெபத்தை முடியும்வே"ன்னாரு. பாவம், அவருக்கும் பசி.

"பெரியம்மா பண்ணட்டும்"னாரு வேதமுத்து.

ரெபேக்காள் கண்ணை மூடினா. "ஆண்டவரே, ஸ்தோத்திரம். எல்லாருக்கும் பசிக்குது. ஆமென்."

அப்புறம் என்ன, சரசரன்னு இலை விழுந்துச்சு, சளசளன்னு சாம்பார் விழுந்துச்சு. வாளியைத் தூக்கிட்டு வேதமுத்து பந்தி பந்தியா ஓடினாரு. ரெபேக்காள் சோத்துல கையை வச்சுட்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தா, ஒரு ஆளு. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தா, அங்கயும் ஒரு ஆளு. சிரிச்சுக்கிட்டே சாப்பிட ஆரம்பிச்சா.

இலையை மடிச்சாச்சு, கதையும் முடிஞ்சாச்சு. இமையை மூடு ராசாத்தி, தூங்கு.