ருக்குமணியின் குழிக்கு என்ன விலை?

சென்னியப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். முப்பது வருஷம் வங்கியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர், காங்கேயம் பக்கத்து ரத்தினக்கல் குழிகளுக்கு விலை மதிக்கப் பழக பாவாத்தாளிடம் வந்தார். அவள் பன்னிரண்டு வயதிலிருந்து குழி மண்ணைச் சல்லடையில் அலசியவள். ஒரு குழிக்கு அவள் விலை சொன்னால் வாங்குகிறவரும் விற்கிறவரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

அன்றைக்கு ருக்குமணியின் நீலக்கல் குழி. கட்டுப்படியாகாமல் மூன்று வருஷத்துக்கு முன் மூடிப்போட்டது. இப்போது கல் விலை மூன்று மடங்கு ஏறிவிட்டது. பாவாத்தாள் சொல்லும் விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று ஈரோட்டு வியாபாரி ஒருவர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் குழியில் இறங்கிப் பழகிய ருக்குமணியின் மகன் சிவராசுதான் தொடர்ந்து இறங்க வேண்டும்.

சென்னியப்பன் இரண்டு நாள் கணக்குப் போட்டிருந்தார். நோட்டைப் பாவாத்தாளிடம் நீட்டினார்.

“எட்டு லட்சமுங்க அம்மணி. அன்னைக்கு வேண்டாம்னு தள்ளின பொடிக்கல்லெல்லாம் இன்னைக்குக் காசு. கூலி, கயிறு, மோட்டாரு, அத்தனையும் கழிச்சாச்சு.”

ருக்குமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு லட்சம்! ஒழுகுகிற வீட்டுக்குத் தளம் போடலாம். பையனுக்குப் பெண் பார்க்கலாம்.

பாவாத்தாள் நோட்டைத் திறக்கவில்லை.

“கூட்டல் கழித்தல் செரியாத்தான் இருக்குமுங்ணா,” என்றாள். சேலையை இழுத்துச் செருகினாள். “சிவராசு, கயித்தைப் போடு. நான் எறங்கிப் பாக்கறேன்.”

“ஐயோ, நீங்க எதுக்குங்க?” என்று பதறினார் சென்னியப்பன்.

“நீங்களும் ஒரு கை புடியுங்க.”

அறுபதடிக் குழி. சிவராசுவும் சென்னியப்பனும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். பாதி ஆழத்தில் பக்கச் சுவர் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்புறம் கீழே சத்தமே இல்லை.

“அம்மணி!”

பதில் வரவில்லை.

“அம்மணி, கேக்குதுங்களா? போதும், மேல வாங்க! சாமீ, மேல வந்துருங்க!”

சென்னியப்பன் கத்தினார். கயிற்றை விடாமல் குழிக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்.

“வாயெல்லாம் மண்ணுங்ணா. பேச முடியலை,” என்று கீழேயிருந்து கேட்டது. “தூக்குங்க.”

மேலே வந்தவளின் தலை முழுக்கச் செம்மண். தோள் துண்டால் அவர்தான் தட்டிவிட்டார். பெற்ற பெண்ணுக்குத் தட்டிவிடுவதுபோலத்தான் தட்டினார்.

பாவாத்தாள் வாய் கொப்புளித்துவிட்டுக் கேட்டாள்.

“கல்லு மூணு மடங்குன்னீங்களே. நான் உள்ளார இருந்தப்போ என்ன விலைங்ணா?”

“கல்லா? கல்லு நெனப்பே வரலீங்க.”

“செரி, இப்ப எழுதுங்க. மண்ணு சரியாம அடிவரைக்கும் சிமிட்டி உறை எறக்க என்ன ஆகும்?”

எழுதினார். ஐந்து லட்சம். எட்டிலிருந்து கழித்தார். மூன்றுதான் நின்றது. ருக்குமணி முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

“வாங்கறவரு உறை எறக்கினப்புறம்தான் சிவராசு எறங்குவான்னு அதையும் எழுதுங்க,” என்றாள் பாவாத்தாள்.

ருக்குமணியின் முகம் வாடித்தான் போயிற்று, பொய் சொல்வானேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கூரை இன்னொரு மழைக்குத் தாங்குமுங்க,” என்றாள். “மூணே இருக்கட்டும்.”

சென்னியப்பன் நோட்டை மூடவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“இந்த வட்டாரத்துல ஒருத்தரும் உறைச் செலவைக் கணக்குல சேக்கறதில்லீங்க அம்மணி. வியாபாரி சிரிப்பாருங்களே.”

“சிரிக்கட்டுமுங்ணா,” என்றாள் பாவாத்தாள். “நான் கீழ இருந்தப்போ நீங்க சிரிக்கலீங்களே.”